அவர் இன்னும் அவர்தானா?

அன்புள்ள தம்பிக்கு,

மறதி நோய்ப் பிரிவில் உளவியலாளராகச் சேர்ந்திருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ச்சி. நீ எழுதியிருந்த அந்த நிகழ்ச்சியும் மனதை விட்டு அகலவில்லை. கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த பெண்மணி, "இவரு என் வீட்டுக்காரர் இல்ல தம்பி. அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு" என்று கணவர் எதிரிலேயே சொன்னார், உனக்குப் பதில் வரவில்லை. தத்துவம் கற்பித்தே காலம் கழித்தவன் என்ற உரிமையில் என்னைக் கேட்கிறாய்: ஒருவரை அவராக வைத்திருப்பது எது என்று சொல்லும் கோட்பாடுகளில் எதை நம்பி அந்த வார்டுக்குள் போவது?

எதையும் நம்பிப் போகாதே. ஆனால் முக்கியமானவற்றை எல்லாம் படித்துவிட்டுப் போ. படிக்காமல் போனால் கோட்பாடே இல்லாமல் போகலாம் என்று எண்ணிவிடாதே. பெயர் தெரியாத ஒரு பழைய கோட்பாடு உனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

பார்வையாளர் நேரத்தில் ஒரு கட்டிலருகே நின்று பார். ஊரிலிருந்து வந்த மருமகனோ பேத்தியோ பழப்பையைக் கீழே வைத்ததும் குனிந்து, சற்று உரக்க, "தாத்தா, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார்கள். பெயர் வந்துவிட்டால் எல்லோர் முகத்திலும் மலர்ச்சி. வராவிட்டால் வராந்தாவுக்குப் போய், "தாத்தா அவ்வளவுதான்" என்பார்கள். நினைவு இருந்தால் ஆள் இருக்கிறார், நினைவு போனால் ஆளும் போய்விட்டார் என்பதே அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் முடிவு. இதை முறையாக வாதிட்டவர் இங்கிலாந்தின் ஜான் லாக். மனித அறிவைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் முதல் பதிப்பில் இந்த வாதம் இல்லை. 1694இல் வந்த இரண்டாம் பதிப்பில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்தார். ஓர் இளவரசனின் ஆன்மா அவன் நினைவுகளோடு செருப்புத் தைப்பவன் உடலுக்குள் புகுந்துவிட்டால் அங்கே இருப்பவன் யார்? பார்ப்பவர் கண்ணுக்கு அவன் பழைய செருப்புத் தைப்பவன்தான். ஆனால் இளவரசன் செய்தவற்றுக்கெல்லாம் பொறுப்பாளி அவனே என்றார் லாக். பழைய செயலைத் தன் செயலாக ஒருவர் உணரும் தூரம் வரைதான் அவர் அதே ஆளாக நீள்கிறார்.

லாக்குக்கு இது எதற்காகத் தேவைப்பட்டது என்பதை மறக்காதே. நீதிமன்றத்திலும் இறுதித் தீர்ப்பு நாளிலும் யாரைத் தண்டிப்பது, யாருக்குப் பரிசளிப்பது என்பது அவருடைய கவலை. அந்தக் காரியத்துக்காகச் செய்த அளவுகோலைக் கட்டிலருகே கொண்டுவரும்போது, குற்றமே செய்யாத ஒருவர்மீது தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அளவுகோலிலேயே விரிசல் இருக்கிறது என்று 1785இல் தாமஸ் ரீட் காட்டினார். பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்கிய ஒரு சிறுவன், வளர்ந்து போரில் எதிரியின் கொடியைக் கைப்பற்றிய இளம் அதிகாரி, முதுமையில் படைத்தலைவர். கொடியைப் பிடித்தபோது அடிவாங்கியது நினைவிருந்தது. தலைவரானபோது கொடி நினைவிருந்தது, அடி மறந்துவிட்டது. லாக் கணக்கின்படி தலைவரும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் சிறுவனும் ஒருவர், ஆனால் தலைவரும் சிறுவனும் வேறு வேறு ஆட்கள். இது எப்படிப் பொருந்தும்? லாக்கைக் காப்பாற்ற வந்தவர்கள், ஒவ்வொரு நினைவும் அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று திருத்தினார்கள். வகுப்பறைக்கு அந்தத் திருத்தம் போதும். உன் வார்டில் தொடர்ச்சியே அறுந்து கிடக்கிறது.

அறுந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று காட்டியவர்கள் நோயாளிகள். மருத்துவ ஏடுகளில் எச்.எம். என்று அழைக்கப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு 1953இல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பெருமளவு நீக்கினார்கள். அதன்பிறகு அவர் மனதில் புதிய நிகழ்ச்சி எதுவும் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் ஓரத்திலேயே கோடு இழுக்கச் சொன்னார். யாருக்கும் முதலில் கை தடுமாறும். மூன்றாம் நாளுக்குள் எச்.எம். நன்றாக வரைந்தார். அந்தக் காகிதத்தை முன்பு பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. கற்றது கையில் இருந்தது. கற்ற கதை எங்கும் இல்லை.

இதைவிட என்னை அசைத்தவர் கனடாவின் கே.சி. 1981இல், 30 வயதில், மோட்டார் சைக்கிள் விபத்து. தன் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைக்கூட நடந்தபடி நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. நாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மனம் வெறுமையாக இருக்கிறது என்பார். டொராண்டோவில் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எண்டெல் டல்விங் ஒரு சோதனை செய்தார். விபத்துக்குப் பிறகு கே.சி.யின் சுபாவம் மாறியிருந்தது. அவரிடம் அவருடைய குணங்களைப் பற்றிக் கேட்டார்கள். தாயிடமும் தனியாகக் கேட்டார்கள். மாறிய புதிய சுபாவத்தைத் தாய் எப்படிச் சொன்னாரோ, பெரும்பாலும் அப்படியே கே.சி.யும் சொன்னார். தன் வாழ்வில் ஒரு சம்பவமும் நினைவில்லாதவருக்கு, தான் இப்போது எப்படிப்பட்டவர் என்பது தெரிந்திருந்தது! பிற்பாடு, இன்று கொஞ்சம் பணம் வேண்டுமா, பொறுத்திருந்து அதிகம் வாங்குகிறீர்களா என்று கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடியாத அந்த மனிதர், பிற்காலத் தொகைக்கு மற்றவர்களைப் போலவே மதிப்புக் கொடுத்தார். தன்மீது அக்கறை கொள்வதற்குத் தன் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்த தத்துவவாதிகள் எல்லோருக்கும், என்னையும் சேர்த்து, அவரிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது.

இனி உன் தொழிலின் நடுவே இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 1901 நவம்பரில் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயது அகுஸ்டே என்ற பெண்ணை அலோய்ஸ் அல்ஸ்ஹைமர் பரிசோதித்தார். பெயர் என்ன என்றால் அகுஸ்டே என்றார். கணவர் பெயரைக் கேட்டாலும் அகுஸ்டே என்றே வந்தது. தன்னைத் தான் தொலைத்துவிட்டதாக அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்கண்டார் நினைவுக்கு வருகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்று நிறுவ வரிசையாகக் காரணம் சொல்கிறது. அதில் முதற்காரணம்: தேடிப் பார்த்து 'இல்லை' என்று ஒன்று சொல்கிறதே, அப்படிச் சொல்வதே உயிர். அகுஸ்டே தன்னைக் காணவில்லை என்றார். காணவில்லை என்று தவித்தவர் அங்கே இருந்தார். இந்த வாதத்தை எந்த மூளைப் படமும் மறுத்ததாக நான் அறியவில்லை.

ஆனால் கவனமாக இரு. இங்கே ஒருவர் இருக்கிறார் என்பதைத்தான் மெய்கண்டார் வாதம் காட்டுகிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு இருந்தவர்தான் இவர் என்பது வேறு கேள்வி. முதற்கேள்வி உணர்வைப் பற்றியது: வலிக்கிறதா, பயமா, இந்த வெயில் இதமாக இருக்கிறதா? இரண்டாவது காலத்தைத் தாண்டிய அடையாளத்தைப் பற்றியது. நோய் முற்றும்போது இரண்டாம் கேள்விக்குப் பதில் கடினமாகிக்கொண்டே போகும். முதற்கேள்விக்கான பதில் கடைசி நாட்கள் வரை கண்ணெதிரே இருக்கும். 'அவர் போய்விட்டார்' என்று வீட்டார் சொல்லும்போது இரண்டாம் கேள்விக்குச் சொன்ன பதில் முதற்கேள்விக்கும் பதிலாகிவிடுகிறது. பிறகு ஊசி போடும் முன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. துணி மாற்றும்போது திரை இழுக்க மாட்டார்கள். வார்டில் நடக்கும் பெரும்பாலான அவமரியாதைகளுக்கு நான் காணும் வேர் இதுதான்.

அந்தப் பெண்மணி கேட்டது இதில் எது? என் ஊகம், இரண்டுமே இல்லை. கட்டியவரை இழந்துவிட்டேன், ஆனால் அழுவதற்கு எனக்கு யாரும் அனுமதி தரவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். பௌலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல அறிஞர், ஆள் எதிரில் இருக்கும்போதே நேரும் இத்தகைய இழப்பைப் பற்றியே ஒரு வாழ்நாள் எழுதியிருக்கிறார். அந்தத் துக்கத்தை வாதம் செய்து தீர்க்க முடியாது. "இல்லைம்மா, அவர்தான் இவர்" என்று நீ சொல்லாதது நல்லதாயிற்று.

இன்னொன்றும் இருக்கலாம். அது உன் மருத்துவக் கண்ணுக்கு உரியது. 2015இல் நீனா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கல்ஸும் மூவகை நோயாளிகளின் வீட்டாரிடம் விசாரித்தார்கள்: அல்ஸ்ஹைமர், நெற்றி-பொட்டு மடல்களைத் தாக்கும் மறதி நோய், அறிவைப் பெரும்பாலும் விட்டுவைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். 'இவர் வேறு ஆளாகிவிட்டார்' என்ற உணர்வு நெற்றி மடல் நோயாளிகளின் வீட்டில்தான் மிக அதிகம், ஏ.எல்.எஸ். வீட்டில் மிகக் குறைவு. அந்த உணர்வைத் தூண்டியது நினைவிழப்பு அல்ல. இரக்கம், நேர்மை, மற்றவர்மீது கரிசனம் ஆகியவை மாறியதுதான். நெற்றி மடல் நோய் பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கி, நினைவுக்கு முன் நடத்தையைக் கெடுப்பது. ஆகவே அந்தப் பெண்மணியிடம் மெதுவாகக் கேள்: "உங்க பேரை மறந்தது கஷ்டமா இருக்கா, இல்ல அவர் நடந்துக்கிற விதம் கஷ்டமா இருக்கா? முதல்ல மாறினது எது?" கணவர் வேறு ஆளாகிவிட்டார் என்ற வாக்கியம் சில வேளை ஒரு நோய்க்குறியின் முதல் தகவலாக இருக்கும். அதை மனக்குறை என்று ஒதுக்கினால் நோயறிதலே தவறிப்போகலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. நோயாளியே, "இவள் என் மனைவி இல்லை, அவளைப் போலவே இருக்கும் வேறொருத்தி" என்று சாதிப்பது. பிரான்சின் ஜோசப் காப்கிராஸ் 1923இல் பதிவுசெய்த நிலை இது. முகம் தெரிகிறது, அந்த முகத்தைக் கண்டதும் வரவேண்டிய நெருக்கம் வரவில்லை என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம். நமக்கு வேண்டியவரை நாம் அடையாளம் காண்பதில் உணர்ச்சிக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று லாக் எங்கும் கேட்கவில்லை.

குணம்தான் ஆள் என்று உடனே கட்சி மாறிவிடாதே. 1848இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் ரயில்பாதைப் பணியில், வெடிமருந்து திணிக்கும் இரும்புக் கம்பி ஃபினியஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் நுழைந்து மண்டையின் மேற்புறமாக வெளியேறியது. உயிர் பிழைத்தார். அவர் இப்போது கேஜே இல்லை என்று நண்பர்கள் சொன்னதை மருத்துவர் ஹார்லோ 1868இல் எழுதிவைத்தார். பாடநூல்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதே கேஜ் சிலி நாட்டுக்குப் போய், கரடுமுரடான பாதைகளில் பல குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைப் பல வருடம் ஓட்டினார் என்பதை மால்கம் மாக்மில்லன் போன்றோர் வெகுகாலம் கழித்து நினைவூட்ட வேண்டியிருந்தது. நேரம் தவறாமை, பயணிகளோடு பழக்கம், முன்யோசனை எல்லாம் தேவைப்படும் வேலை அது. ஒருவரைப் பற்றிய 'அவர் இல்லை' என்ற தீர்ப்பு அவருடைய பிந்திய வாழ்க்கையையே மறைத்துவிடும். கேஸ் ஷீட்டில் அப்படி எதுவும் எழுதாதே.

'நான்' என்று ஒன்று இல்லவே இல்லை என்ற கட்சியையும் நீ படித்திருப்பாய். ஹ்யூம் தனக்குள் தேடி உணர்வுகளின் கூட்டத்தையே கண்டார். 1740இல் எழுதிய பிற்சேர்க்கையில் அந்த விளக்கம் தனக்கே நிறைவு தரவில்லை என்று சொன்னார். பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனின் தேரைப் பகுதி பகுதியாகக் காட்டி, எந்தப் பகுதியும் தேர் அல்ல, 'நான்' என்பதும் அப்படித்தான் என்று வாதிட்டார். நம் மணிமேகலை பௌத்தக் காப்பியம். நிலையான ஆன்மாவை அதன் சமயம் ஏற்பதில்லை. ஆனாலும் மணிபல்லவத்தில் முற்பிறப்பை அறிந்த பிறகு, இளவரசன் உதயகுமரனே அப்பிறப்பில் தன் கணவனாக இருந்த இராகுலன் என்ற அறிவு நாயகி மணிமேகலையின் நெஞ்சை அலைக்கழிக்கிறது. ஆன்மா உண்டு, இல்லை என்ற விவாதம் எப்படி முடிந்தாலும் உறவு எழுப்பும் கேள்வி தீராது என்பதற்கு அந்தக் காப்பியமே எனக்குச் சான்று. வார்டில் ஒரு மகன், "உடம்புக்குத்தான் சார் நோய், ஆத்மா அப்படியேதான் இருக்கு" என்று சொன்னால் ஹ்யூமை எடுத்துக்கொண்டு போகாதே. அவர் தன் தந்தையைத் தொட்டுப் பேச ஒரு வழி கண்டிருக்கிறார்.

டெரெக் பார்ஃபிட்டை மட்டும் நிதானமாகப் படி. 1984இல் வந்த அவருடைய நூல், அதே ஆளா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையையே கலைத்தது. நினைவு, குணம், விருப்பம் ஆகிய தொடர்புகள் கூடும், குறையும். முக்கியமானது அந்தத் தொடர்புதான், ஒரே ஆளாக இருப்பது அல்ல என்றார். சாவை எண்ணி அஞ்சியிருந்த தனக்கு இது ஆறுதல் தந்தது என்று எழுதியிருக்கிறார். உண்மையாக இருக்கலாம். உன் வார்டில் அதே எண்ணம் ஆபத்தாகும்: தொடர்பு மெலிந்தால் கடமையும் மெலிய வேண்டுமா?

அந்த நூலில் ஒரு ரஷ்யப் பிரபு வருகிறான். இளமையில் சமத்துவக் கொள்கையாளன். வருங்காலத்தில் தனக்கு வரப்போகும் நிலங்களைக் குடியானவர்களுக்குக் கொடுப்பதாகப் பத்திரம் எழுதி, மனைவி சம்மதித்தால் மட்டுமே அதை ரத்து செய்யலாம் என்று வைக்கிறான். "பிற்காலத்தில் நான் மனம் மாறினால், அது நானில்லை என்று எண்ணிக்கொள், சம்மதிக்காதே" என்று வாக்கும் வாங்குகிறான். வருடங்கள் கழிந்து மனம் மாறி வந்து கேட்கிறான். அவள் யாருக்குக் கட்டுப்பட்டவள்? மறைந்துபோன இளைஞனுக்கா, எதிரில் நின்று கெஞ்சுபவனுக்கா?

இது வெறும் கதை என்று தள்ளமுடியாத நிலை நம் நாட்டிலும் வந்துவிட்டது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மீள வழியில்லாத நோயில் எந்த சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது; 2023இல் நடைமுறையை எளிதாக்கி, நீதித்துறை நடுவருக்குப் பதிலாக நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றது. இனி மறதி நோயாளிகளின் வீட்டார் அத்தகைய தாளோடு உன் மருத்துவமனைக்கு வருவார்கள். அறிவுத் தெளிவோடு எழுதியவர் ஒருவர். கட்டிலில் படுத்துக்கொண்டு ரேடியோவுக்குத் தாளம் போடுபவர் இன்னொருவரா?

சட்ட அறிஞர் ரொனால்ட் டுவொர்கின் 1993இல் இதற்கு உறுதியான பதில் சொன்னார். ஒரு மருத்துவ மாணவர் சந்தித்த மார்கோ என்ற பெண்மணியை அவர் எடுத்துக்கொள்கிறார். மறதி நோயிலும் வெகு சந்தோஷமாக இருந்தவர். ஒரே படத்தை மறுபடி மறுபடி வரைவார், கதைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தையாவது திறந்து வைத்துக்கொள்வார். இப்படி ஆனால் சிகிச்சை வேண்டாம் என்று அவர் முன்பு எழுதிவைத்திருந்தால்? அந்த எழுத்தையே மதிக்க வேண்டும் என்றார் டுவொர்கின். தன் முழு வாழ்க்கைக்கும் வடிவம் கொடுத்தவர் அவரே என்பதால். ரெபெக்கா டிரெஸ்ஸர் மறுத்தார்: இன்று சந்தோஷமாக இருப்பவரை, அவர் அறியாத ஒரு பழைய தாளுக்காக விட்டுவிடுவதா? அக்னியெஷ்கா யாவோர்ஸ்கா 1999இல் இன்னும் நுட்பமாகக் கேட்டார்: தன் கதையை மறந்தவருக்கு மதிப்பீடுகளுமா மறைந்துவிடும்? விரும்புவது வேறு, ஒன்றை நல்லதென்று மதிப்பது வேறு. நோயின் நடுக்கட்டம் வரை பலரிடம் இரண்டாவது மிஞ்சியிருக்கிறது என்றார். நான் யாவோர்ஸ்கா பக்கம். நேற்றை நினைவில் வைக்க முடியாத எச்.எம்., தன்னைப் பற்றிய ஆய்வுகளால் மற்றவர்களுக்கு நன்மை வரும் என்று சொல்லிக்கொண்டே ஒத்துழைத்தார் என்று அவரைப் பல பதிற்றாண்டுகள் ஆராய்ந்த சூசன் கார்க்கின் எழுதுகிறார். அது பிடித்தது, பிடிக்காதது என்ற அளவில் நிற்கும் விஷயமா?

எனவே ஒரு வேலை சொல்கிறேன். 30 மதிப்பெண் கொண்ட அந்த மனநிலைச் சோதனைத் தாளின் எண்ணைக் குறித்ததும், அதன் கீழே நீயாக இரண்டு மூன்று வரி சேர்: இவர் எதை மறுக்கிறார், எதற்காகக் காத்திருக்கிறார், யாருக்குப் பங்கு கொடுத்துச் சாப்பிடுகிறார், எது நடந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். பார்க்க வருபவர்களிடம், "தெரியுதா" என்று கேட்பதற்குப் பதில், "தாத்தா, நான் பேத்தி வந்திருக்கேன்" என்று தாங்களே சொல்லச் சொல். உயிர் அறிவிக்க அறிவது என்பதும் மெய்கண்டாரின் காரணங்களில் ஒன்று. அறிவிப்பது இறைவன் என்பது சைவ சித்தாந்தம். அந்த அளவுக்குப் போகாதவர்களும் கட்டிலருகே ஒருவருக்கொருவர் இதைச் செய்யலாம். ஹில்டே லிண்டமன் என்ற தத்துவவாதி இதையே வேறு வழியில் வாதிட்டிருக்கிறார்: ஒருவர் தன்னைப் பிடித்துக்கொள்ள முடியாதபோது குடும்பம் அவரை அவராகப் பிடித்திருக்கிறது, சில வேளை தவறாகவும் பிடித்துவிடும். சங்கீதத்தை வெறுக்கத் தொடங்கிவிட்ட அப்பாவுக்குப் பழைய பழக்கத்தில் நாள் முழுக்கக் கீர்த்தனை ஒலிக்கவிடும் மகனை நீ சீக்கிரமே சந்திப்பாய். அங்கே இன்றைய அப்பா பக்கம் நில்.

முன்கூட்டிய தாள் விஷயத்தில் என்னால் முழு விடை தர முடியாது. மரணத்தறுவாயில், எழுதியவர் விருப்பத்தை மீறிக் குழாய்களைச் செருகுவது கொடுமை; அங்கே தாள் வெல்ல வேண்டும். மார்கோவைப் போன்றவருக்கு நிமோனியா வந்து, நாலு நாள் மருந்தில் சரியாகிவிடும் என்றால், நான் மருந்து கொடுக்கவே சொல்வேன். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வெளி இருக்கிறது. அதனால் இன்னும் தெளிவோடு இருக்கும் முதற்கட்ட நோயாளி தாள் எழுத உன் உதவியை நாடினால், வக்கீலிடம் அனுப்பும் முன் அவரிடமே கேள்: "பின்னால் ஒருநாள் உங்களுக்கு எதுவும் நினைவில்லாமல், ஆனால் சந்தோஷமாக இருந்தால், அந்த சந்தோஷத்தை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்?" பெரும்பாலானவர்கள் அதை யோசித்திருக்க மாட்டார்கள். நேரம் கொடு. வீட்டாரும் உடனிருக்கட்டும். அவர் சொல்லும் பதிலை அவருடைய பேச்சு நடையிலேயே எழுதி, தேதியிட்டு, கோப்பில் வை. ஆறு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேள்.

பார்ஃபிட் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ரஷ்யப் பிரபு வரும் இடத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும்போது எடுத்துப்போ. நெற்றி மடல் நோயாளிகளின் வீட்டாரோடு பேசுவதைப் பற்றி, பெயர்கள் இல்லாமல், எனக்கு விரிவாக எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்